மருந்து ஊசியும் வெறும் ஊசியும்

தமிழில் ஊசி என்றால் ஊசிதான். அரசு மருத்துவமனையில் போடுவதும் ஊசி; சீன வைத்தியத்தில் தோலில் குத்தி நிறுத்தி வைப்பதும் ஊசி. என் சித்திக்கு இடது தோள்பட்டை இறுகிப்போன ஒன்றரை ஆண்டில் இந்த இரண்டும் தேவைப்பட்டன. முதலாவதை அவர் "மருந்து ஊசி" என்பார், இரண்டாவதை "வெறும் ஊசி" என்பார். அவரோடு அலைந்தவள் என்பதால் இரண்டில் எது நல்லது என்று என்னிடம் கேட்கும் தோழர்கள் நிறைய. கேட்கும்போதே பாதிப் பேர் பதிலையும் முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரு தரப்புக்கு அக்குபங்சர் என்றாலே ஏமாற்று. இன்னொரு தரப்புக்கு "இங்கிலீஷ் மருந்து" என்றாலே கார்ப்பரேட் சதி. இந்த இரண்டு முடிவுகளுமே ஏழைகளின் உடம்பில் பரிசோதிக்கப்படுகின்றன என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

சித்திக்கு வயது 51. விழுப்புரம் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் சத்துணவுச் சமையலர். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். முதலில் அவருக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. அடுத்துக் கொண்டை போட முடியவில்லை. பிறகு முந்தானையைப் பின்னால் கொண்டுபோய்ச் செருக முடியவில்லை. "வாயு புடிச்சிருக்கு" என்று விளக்கெண்ணெய் தடவி, உப்பு ஒத்தடம் கொடுத்துக்கொண்டார். பக்கத்து ஊரில் சுளுக்கு எடுப்பவரிடம் போனார். அவர் கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்ததில், அன்று இரவு முழுக்க உட்கார்ந்தே விடிந்தது.

இத்தனையும் நடந்தது ஐந்து மாதம். அந்த ஐந்து மாதமும் அவர் வெளியே யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. காரணத்தைப் பிறகுதான் சொன்னார். சேரிப் பெண் சமைத்ததை எங்கள் பிள்ளை சாப்பிட வேண்டுமா என்று அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கேட்டவர்கள் உண்டு. சில பிள்ளைகள் பல மாதங்கள் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டுவந்தார்கள். ஆண்டுகள் போகப் போக அது அடங்கியது, ஆனால் அணையவில்லை. "கை வரலன்னு தெரிஞ்சா போதும் பாப்பா, முடியலன்னா விட்டுட்டுப் போவட்டும்னு சொல்ல நாலு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க" என்றார். ஒரு கையால் அண்டாவை நகர்த்தியும், சோறு வடிக்க உதவியாளரைக் கெஞ்சியும் அவர் ஓட்டிய ஐந்து மாதத்தில் தோள் மேலும் இறுகியது.

மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் கோளாறு ஒன்றும் இல்லை என்றார்கள். "எலும்பு நல்லாருக்குன்னா எனக்கு ஏன் வலிக்குது?" என்று சித்தி கேட்டார். நியாயமான கேள்வி. இந்த நோயில் பலரும் "நடிக்கிறாள்" என்ற பெயர் வாங்குவது இந்த எக்ஸ்ரேயால்தான். அன்று இருந்த இளம் மருத்துவர் நல்லவர். சித்தியின் முழங்கையை இடுப்போடு ஒட்டி வைக்கச் சொல்லி, முன்கையைக் கதவு திறப்பதுபோல வெளிப்பக்கம் திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை. சித்தி முயன்றாலும் திரும்பவில்லை, அவர் பிடித்துத் திருப்பினாலும் திரும்பவில்லை. "இதுதான் அடையாளம்" என்றார். தோளைச் சுற்றியுள்ள தசைநார் கிழிந்திருந்தால் நோயாளியால் கையைத் தூக்க முடியாது, ஆனால் பெரும்பாலும் அடுத்தவரால் தூக்கிவிட முடியும். இங்கே இரண்டும் நடக்கவில்லை. ஆகவே இறுகியிருப்பது மூட்டைச் சுற்றியுள்ள உறை.

நம் தோள்மூட்டு ஒரு பந்தும் கிண்ணமும் மாதிரி. அதைச் சுற்றித் தொளதொளப்பான சட்டைபோல ஒரு உறை இருக்கிறது. இந்த நோயில் அந்த உறையில் அழற்சி வந்து, பிறகு தடித்துச் சுருங்கிவிடுகிறது. துவைத்துச் சுருங்கிய சட்டையில் கையை நுழைத்தால் எப்படித் தூக்க முடியாதோ அப்படி. 1872இல் பிரெஞ்சு மருத்துவர் டூப்ளே தோள் இறுக்கத்தைப் பற்றி எழுதினார். 1934இல் அமெரிக்கரான காட்மன் "ஃப்ரோசன் ஷோல்டர்", அதாவது உறைந்த தோள், என்று பெயர் வைத்தார். 1945இல் நெவியாசர் என்பவர் உறைதான் இறுகுகிறது என்று காட்டினார். சீனாவிலும் ஜப்பானிலும் மக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் "ஐம்பது வயதுத் தோள்". 40 முதல் 60 வயதுக்குள், பெண்களுக்குச் சற்று அதிகமாக வருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் தைராய்டு கோளாறு உள்ளவர்களுக்கும் வர வாய்ப்பு பல மடங்கு கூடுதல். மொத்த மக்களில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு வரும் என்றால், சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் வருகிறது. தனக்குச் சர்க்கரை இருப்பதே இந்தத் தோள்வலியால் தெரியவந்தவர்களும் உண்டு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்தாண்டுகளாக அண்டா தூக்கியதால்தான் சித்திக்கு இது வந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். நம் மாதிரி ஆட்களுக்கு அது வசதியான வாக்கியம். ஆனால் அப்படி உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கும் இது வருகிறது. சித்தியின் விஷயத்தில் சர்க்கரைதான் வலுவான காரணமாகத் தெரிகிறது. உழைப்பு நோயைக் கொடுத்ததா என்பது தெளிவில்லை. ஆனால் வந்த நோய்க்கு அவர் எவ்வளவு விலை கொடுக்க வேண்டும் என்பதை அவருடைய வேலையும் சாதியும்தான் தீர்மானித்தன. அந்த ஐந்து மாத மௌனத்தை எந்த எக்ஸ்ரேயிலும் பார்க்க முடியாது.

நோய் மூன்று கட்டமாகப் போகும் என்று மருத்துவர் விளக்கினார். முதலில் வலி மிகுந்த கட்டம், பல மாதங்கள். அடுத்து வலி குறைந்து இறுக்கம் நிற்கும் கட்டம். கடைசியில் மெல்ல மெல்ல இளகும் கட்டம். மொத்தம் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம். பெரும்பாலோருக்குத் தானாகவே பெருமளவு சரியாகும், சிலருக்குக் கொஞ்சம் இறுக்கம் தங்கிவிடும். இதில் சுளுக்கு எடுப்பவரின் இழுப்பு ஏன் கெடுதல் என்றும் புரிந்தது. அழற்சி கொதித்துக்கொண்டிருக்கும் முதல் கட்டத்தில் வலுக்கட்டாயமாக இழுத்தால் வலி இன்னும் கூடும்.

வழக்கமான சிகிச்சை இதுதான்: வலி மாத்திரை, பிசியோதெரபி, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி. அதற்கும் மசியாதவர்களுக்கு மயக்கம் கொடுத்துக் கையை அசைத்து விடுவிப்பது, அல்லது சிறு துளை வழியாக உறையை வெட்டி விடுவிக்கும் அறுவை. இங்கிலாந்தில் 35 மருத்துவமனைகளில் 503 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள், 2020இல் லான்செட் இதழில் வந்தது. மயக்கம் கொடுத்து அசைப்பது, அறுவை, ஸ்டீராய்டு ஊசியோடு முறையான பிசியோதெரபி, இந்த மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் நோயாளிக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரியும் அளவுக்கு எதுவும் மற்றதை மிஞ்சவில்லை. ஏழைக்கு இது நல்ல செய்தி. முறையான உடற்பயிற்சிக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

ஆனால் அந்த "முறையான" என்ற சொல்லில்தான் நம் சிக்கல் இருக்கிறது. வாரம் மூன்று நாள் பிசியோதெரபிக்கு வரச் சொன்னார்கள். ஊரிலிருந்து இரண்டு பேருந்து. பிசியோதெரபி பிரிவு நடக்கும் நேரமும் பள்ளியில் உலை வைக்கும் நேரமும் ஒன்று. விடுப்பு எடுத்தால் நோய் ஊருக்குத் தெரிந்துவிடும். போனாலும் வலியில் பயிற்சி செய்ய முடியவில்லை. கையை அறுபது டிகிரி தூக்குவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். இரவெல்லாம் தூங்காத உடம்பு வேறு. நான்கு தடவை போய்விட்டு நின்றுவிட்டார். மருத்துவமனைப் பதிவேட்டில் இவரைப் போன்றவர்கள் பாதியில் நின்றவர்கள், ஒத்துழைக்காதவர்கள். சமூகவியல் வகுப்பில் நாம் அமைப்பு, செயலாண்மை என்று படிப்பதெல்லாம் இந்தப் பேருந்து நேரத்தில் இருக்கிறது.

அக்குபங்சர் இங்கேதான் உள்ளே வந்தது. பக்கத்து டவுனில் ஒருவரைச் சொன்னார்கள். போனோம். நாடி பார்த்தார். பார்த்துவிட்டு, சர்க்கரை மாத்திரைதான் உடம்பில் விஷமாகத் தேங்கித் தோளை இறுக்கியிருக்கிறது, இன்றோடு எல்லா மாத்திரையையும் நிறுத்துங்கள், ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதீர்கள் என்றார். சித்தியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தினம் மாத்திரை விழுங்கிச் சலித்த யாருக்கும் அது இனிக்கும் வார்த்தைதான். "எழுந்திரு சித்தி, போலாம்" என்று அழைத்து வந்துவிட்டேன். பேருந்தில் அவர் என்னோடு பேசவில்லை. என் களப்பணியில், இப்படி மாத்திரையை நிறுத்திக் கால் விரலை இழந்தவரைப் பார்த்திருக்கிறேன். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருந்தால் இந்தத் தோள்நோயும் பிடிவாதமாகத்தான் இருக்கும். ஆக, மாத்திரையை நிறுத்தச் சொன்னவர் தோளுக்கே எதிரான வைத்தியத்தைத்தான் சொன்னார்.

இரண்டாவதாகப் போனவர் வேறு மாதிரி. எம்.பி.பி.எஸ். படித்து, பிறகு அக்குபங்சரும் கற்றவர். முதல் கேள்வியே மூன்று மாதச் சராசரி சர்க்கரை எவ்வளவு என்பதுதான். 9.4 இருந்தது. "மாத்திரையை நிறுத்தாதீங்கம்மா, ஆஸ்பத்திரி டாக்டர் சொல்றதைக் கேளுங்க, நான் வலியைக் கொஞ்சம் குறைச்சுத் தர்றேன், பயிற்சியை நீங்கதான் செய்யணும்" என்றார். உறை பிரிக்காத புது ஊசிகளை எங்கள் கண்ணெதிரே பிரித்தார். தோளைச் சுற்றிச் சில இடங்களில் குத்தினார். பிறகு முழங்காலுக்குக் கீழே, முன்னங்காலில் ஒன்று. சீனர்கள் அந்த இடத்தைத் தியாவ்கோவ் என்கிறார்கள், தோள்வலிக்கு வழக்கமாகப் பயன்படும் இடம். காலில் ஊசி நிற்கும்போதே கையைத் தூக்கி அசைக்கச் சொன்னார். "தோள்ல வலிக்குதுன்னு வந்தா கால்ல குத்துறாரே, இவருக்கு காது கேக்குமா?" என்று சித்தி என் காதில் கேட்டார். ஆனால் கை முன்னைவிட ஒரு சாண் மேலே போனது.

அதன்பிறகு மூன்றையும் ஒரு கால அட்டவணையில் கோத்தோம். முதலில் சர்க்கரை. மாத்திரை, சாப்பாடு, நேரம் மூன்றையும் ஒழுங்குபடுத்தினோம். சர்க்கரை இறங்கத் தொடங்கியதும் அரசு மருத்துவமனையில் மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி. அதைப் போட்டால் சில நாட்கள் சர்க்கரை ஏறும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வாரம் தினமும் பரிசோதித்தோம், ஏறியது, பிறகு இறங்கியது. அடுத்த ஆறு வாரம், வாரம் இரண்டு நாள் மாலையில் அக்குபங்சர். பள்ளி முடிந்து போகலாம், விடுப்பு வேண்டாம். ஊசி எடுத்த கையோடு அங்கேயே கால்மணி நேரம் பயிற்சி, ஏனென்றால் அப்போதுதான் வலி குறைவு. மற்ற நாட்களில் வீட்டில். குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுவது, சுவரில் விரலால் எறும்பு ஏறுவதுபோல ஏற்றுவது, முதுகுக்குப் பின்னால் துண்டைப் பிடித்து நல்ல கையால் மெல்ல இழுப்பது. எங்கள் வீட்டுக் கிணற்று ராட்டினத்தில் கயிறு போட்டு, நல்ல கையால் இழுத்து நோவுள்ள கையைத் தூக்குவது அவருக்கு மிகவும் பிடித்தது. "தண்ணியே வராத கெணறு, இதுக்காச்சும் ஆவுது" என்றார்.

இரண்டாவது வாரத்தில் தூக்கம் வந்தது. சிகிச்சையில் உண்மையான திருப்பம் என்று நான் கருதுவது அந்தத் தூக்கத்தைத்தான். தூங்கினால் மறுநாள் பயிற்சி செய்ய மனம் வருகிறது. பயிற்சி செய்தால் கை இளகுகிறது. நான்காம் மாதத்தில் கொண்டை போட்டார். ஓராண்டு கழிந்து கை தலைக்கு மேல் போனது. இப்போதும் வெளிப்பக்கம் திருப்புவதில் கொஞ்சம் குறை இருக்கிறது. சராசரி சர்க்கரை 7.6க்கு வந்திருக்கிறது.

அப்படியானால் அக்குபங்சர் குணப்படுத்திவிட்டதா? இந்த இடத்தில் மாணவத் தோழர்கள் நிதானமாக யோசிக்க வேண்டும். ஒரே நேரத்தில் சர்க்கரை இறங்கியது, ஸ்டீராய்டு போனது, ஊசி குத்தினோம், பயிற்சி நடந்தது. இதோடு நோய் தானாகவே இளகும் தன்மையும் உள்ளது. இதில் எதற்கு எத்தனை பங்கு என்று ஒரு சித்தியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. "எங்க அத்தைக்குச் சரியாச்சு" என்று வாட்ஸ்அப்பில் வரும் சாட்சியங்களின் பலவீனமும் இதுதான். ஒப்பிட இன்னொரு குழு வேண்டும்.

அப்படி ஒப்பிட்ட ஆய்வுகள் இருக்கின்றன. 2001இல் ஹாங்காங் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் உறைந்த தோள் உள்ள 35 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உடற்பயிற்சி மட்டும், மற்றதற்குப் பயிற்சியோடு அக்குபங்சரும். ஆறு வாரச் சிகிச்சை. ஆறாவது வாரத்திலும் இருபதாவது வாரத்திலும் அளந்தபோது இரண்டும் சேர்ந்த குழுவே அதிகம் தேறியிருந்தது. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் 35 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை. போலி ஊசி குத்தி ஒப்பிடவும் இல்லை. 2005இல் காக்ரேன் அமைப்பு தோள்வலிக்கான அக்குபங்சர் ஆய்வுகள் ஒன்பதைச் சேர்த்துப் பார்த்து, ஆதரித்தோ மறுத்தோ சொல்லப் போதிய சான்று இல்லை, குறுகிய காலப் பலன் இருக்கலாம் என்றது. 2010இல் ஜெர்மனியில் 424 பேரிடம் செய்த ஆய்வில் உண்மையான அக்குபங்சர் போலி ஊசியையும் வழக்கமான சிகிச்சையையும் விட நன்றாக வேலை செய்தது. ஆனால் அது பொதுவான நாள்பட்ட தோள்வலி பற்றியது, உறைந்த தோளைப் பற்றி நேராகப் பேசுவதில்லை.

இவற்றைச் சேர்த்து வைத்து நான் புரிந்துகொண்டது: ஊசி வலியைக் குறைக்கக்கூடும். நரம்பைத் தூண்டி உடம்பின் சொந்த வலிநிவாரணிகளைச் சுரக்க வைக்கிறது என்பதற்கு ஆய்வக ஆதாரங்கள் உண்டு. சீன மருத்துவம் அதையே "சீ" என்ற உயிராற்றலின் ஓட்டம், காற்றும் குளிரும் தோளில் புகுந்த தடை என்ற மொழியில் சொல்கிறது. ஆனால் தடித்துச் சுருங்கிய உறையை ஊசி கரைத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உறையை நீட்டுவது அசைவுதான். ஊசி அந்த அசைவுக்கு ஒரு வாசல் திறந்துவிடுகிறது. வாசலைத் திறந்துவிட்டுப் பயிற்சி செய்யாமல் வீட்டுக்கு வந்தால் பலன் பாதிதான்.

"பழமையான மரபு, அதனால் உயர்ந்தது" என்ற பேச்சுக்கும் கொஞ்சம் வரலாறு சொல்கிறேன். சீனாவிலேயே 1822இல் அரசவை மருத்துவக் கழகத்தில் அக்குபங்சரைத் தடை செய்தார்கள். 1929இல் அன்றைய தேசியவாத அரசின் காலத்தில் பாரம்பரிய மருத்துவத்தையே ஒழிக்கத் தீர்மானம் வந்தது. 1950களில் கம்யூனிஸ்ட் அரசுதான் அதைத் தூக்கி நிறுத்தியது. காரணம் பழமைப் பற்று மட்டுமல்ல. கோடிக்கணக்கான கிராம மக்களுக்கு நவீன மருத்துவர்கள் போதவில்லை. ஆகவே சீன மருத்துவத்தையும் மேற்கத்திய மருத்துவத்தையும் இணைப்பது அரசின் கொள்கையானது. 1960களின் கடைசியில் வந்த "வெறுங்கால் மருத்துவர்கள்" ஒரு பையில் ஊசியும் மாத்திரையும் தடுப்பூசியும் வைத்துக்கொண்டுதான் வயல்களுக்குப் போனார்கள். மாத்திரையைக் கீழே போட்டுவிட்டு ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

1971இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை செய்துகொண்டதைப் பற்றி எழுதிய பிறகுதான் அமெரிக்காவில் அக்குபங்சர் பேச்சாகியது. மயக்க மருந்தே இல்லாமல் ஊசி குத்தி அறுவை செய்தார்கள் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அவரே எழுதியது வேறு. அறுவைக்கு வழக்கமான மரத்துப்போகும் மருந்தைத்தான் போட்டார்கள். பிறகு வயிற்றில் ஏற்பட்ட அவஸ்தைக்குத்தான் அக்குபங்சர். அதாவது இரண்டும் சேர்ந்துதான். இந்தியாவுக்கு இது வந்ததும் அப்படித்தான். 1938இல் போரில் சிக்கிய சீனாவுக்கு இந்தியாவிலிருந்து போன ஐந்து மருத்துவர்களில் சோலாப்பூர்க்காரரான கோட்னிஸ் 1942இல் அங்கேயே இறந்தார். அதே குழுவில் போன டாக்டர் பி.கே. பாசு 1950களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் கற்று வந்து கல்கத்தாவில் தொடங்கினார். அவர் நவீன மருத்துவம் படித்தவர், அதைத் துறக்கவில்லை.

நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு கதை நியூயார்க்கின் சவுத் பிராங்க்ஸில் நடந்தது. 1970இல் யங் லார்ட்ஸ் என்ற புவெர்ட்டோ ரிக்க இளைஞர் இயக்கம் லிங்கன் மருத்துவமனையைக் கைப்பற்றிப் போராடியது. அதைத் தொடர்ந்து அங்கே ஹெராயின் அடிமைகளுக்கான சிகிச்சைப் பிரிவு தொடங்கியது. கருஞ்சிறுத்தைகளும் அதில் கைகோத்தார்கள். பின்னர் அங்கே காதில் ஊசி குத்தும் அக்குபங்சரை அந்த மக்களே கற்று, தங்கள் மக்களுக்குச் செய்தார்கள். 1978இல் நகர நிர்வாகம் அந்த நிர்வாகக் குழுவை வெளியேற்றியது. பம்பாயில் 1972இல் எழுந்த தலித் சிறுத்தைகள் பெயர் எடுத்துக்கொண்டது அதே கருஞ்சிறுத்தைகளிடமிருந்துதான். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளாமல் விட்டது இந்த ஆஸ்பத்திரி வேலையை என்று எனக்குத் தோன்றும்.

சித்தி சொன்ன ஒரு விஷயம் எந்த ஆய்விலும் இல்லை. "அந்த டாக்டரு தொட்டுப் பாத்தாரு பாப்பா. இருபது நிமிஷம் பக்கத்துல ஒக்காந்து பேசுனாரு" என்றார். ஊரில் ஒரு காலத்தில் வைத்தியர் தள்ளி நின்று மருந்தைத் தூக்கிப் போட்டதை அவருடைய அம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர். புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவருக்கு நூறு பேர் காத்திருக்கும்போது தொட்டுப் பார்க்க நேரம் இருப்பதில்லை. மக்கள் ஏன் மாற்று மருத்துவத்தை நோக்கி ஓடுகிறார்கள் என்றால் அறியாமையால் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பாதிக் காரணம் அங்கே யாரோ ஒருவர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கிறார் என்பதுதான். அதே மரியாதை மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும் கிடைக்கிறது, அதனால்தான் அவர் ஆபத்தானவர். மரியாதையான நடத்தையை அரசு மருத்துவமனையில் உரிமையாகக் கேட்க வேண்டிய வேலை நமக்கு இருக்கிறது.

களத்தில் இருக்கும் தோழர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நாற்பது வயதுக்கு மேல் ஒருவர் கை தூக்க முடியவில்லை என்றால் முதலில் சர்க்கரைப் பரிசோதனை. இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் இருந்தால் அது தோள்நோய் அல்ல, இதய நோயாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள். கனம் தூக்கும்போது சட்டென்று வலி வந்து கை விழுந்தால் தசைநார் கிழிவாக இருக்கலாம், அதற்கு ஸ்கேன் வேண்டும். முதல் மாதங்களில் யாரையும் கையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். பேருந்து ஏறிப் போக முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சர்க்கரை மாத்திரையும் பிசியோதெரபியும் வர வழி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள், வரவில்லை என்றால் மனு கொடுங்கள். பல அரசு மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. அந்தப் பட்டப்படிப்பில் அக்குபங்சரும் ஒரு பாடம். அங்கே செய்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள், தனியாரிடம் காசு கொடுப்பதற்கு முன்னால்.

ஊசி குத்துபவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். என்ன படித்திருக்கிறீர்கள்? ஊசி புதிதா, ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதா? பழைய ஊசியால் மஞ்சள் காமாலைக் கிருமி பரவும். சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுவதை எழுதிக்கொண்டீர்களா? தோளின் மேற்புறமும் முதுகும் நுரையீரலுக்கு மிக அருகில், ஆழமாகக் குத்தினால் நுரையீரல் ஓட்டையாகலாம். எத்தனை தடவையில் பலன் தெரிய வேண்டும்? ஆறேழு தடவையில் தூக்கமோ வலியோ கொஞ்சமும் மாறவில்லை என்றால் நிறுத்திவிடலாம். மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்து என்று ஒருவர் சொன்னால் கேள்வியே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

சித்தியின் வேலை என்ன ஆனது என்று கேட்பீர்கள். மருத்துவச் சான்றோடு வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் மனு கொடுத்தோம். கேட்டது இரண்டே விஷயம். காலியாகக் கிடந்த உதவியாளர் இடத்தில் ஒருவர், ஒரு பெரிய அண்டாவுக்குப் பதில் இரண்டு சின்னப் பாத்திரங்கள். பாத்திரம் இரண்டு மாதத்தில் வந்தது. உதவியாளர் வர மூன்று முறை போய் நிற்க வேண்டியிருந்தது, பக்கத்து மையத்திலிருந்து ஒருவரைக் கூடுதல் பொறுப்பாகப் போட்டார்கள். நோயை மறைக்காமல் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததுதான் அவருடைய வேலையைக் காப்பாற்றியது. இந்த ஆண்டும் அவர்தான் சமைக்கிறார். அதே ஒன்றியத்தில் இன்னும் இரண்டு சமையலர்கள் தங்கள் கையும் வரவில்லை என்று இப்போது வெளியே சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் அவர்களைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகிறோம். உங்கள் பகுதியிலும் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.